அக்காவின் தூக்குச்சட்டி மூடியும் நான்கு நாள் வடசென்னையும்

பிப்ரவரி 21, வெள்ளி

ரயில் பேசின் பிரிட்ஜில் நின்றுவிட்டது. எல்லாரும் மூட்டை முடிச்சைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை அடைத்து நின்றாகிவிட்டது. ரயிலுக்குத்தான் நகர மனசில்லை. எதிர் சீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்தபடியே தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க சார், எப்படியும் அரை மணி நேரம்" என்றார். சரியாக 25 நிமிடம்.

அந்த 25 நிமிடத்தில்தான் முதலில் அந்த வாடை வந்தது. நான் போடிக்காரன். புகையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாசி பிறந்தால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கும்போது குரங்கணிப் பக்கம் மலையில் சிவப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். 2018 மார்ச் 11, அந்த ஞாயிற்றுக்கிழமை, மலையேறப் போன பிள்ளைகள் தீயில் மாட்டிக்கொண்டதை ஊர் இன்னும் பேசுகிறது. புல்லும் மரமும் எரிகிற புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும். ஆனால் பேசின் பிரிட்ஜில் வந்தது வேறு. இனிப்பும் கசப்புமாக, ஒயர் உருகுகிற மாதிரி, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

சென்ட்ரலிலிருந்து, பெருங்குப்பை மேடு இருக்கிற கொடுங்கையூரில் முத்தமிழ் நகர் அக்கா வீட்டுக்கு ஆட்டோக்காரர் 350 கேட்டார், 280க்கு வந்தார். மூலக்கடை தாண்டும்போது மூக்கைத் துண்டால் மூடினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு நாள் இருந்தா பழகிடும்ண்ணா. நாங்கள்லாம் ஊருக்குப் போனாத்தான் இருமுறோம்."

அக்காவுக்குக் கால் கிலோ ஏலக்காய் கொண்டுபோயிருந்தேன். எட்டு எம்.எம். முத்து, பச்சை மாறாதது. பையைத் திறந்ததும் வீடு மணக்கும், "என் தம்பி வந்துட்டான்" என்று சொல்லும் அக்கா, இந்த முறை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "வாசமே வரலையேடா, பழசா?" என்றாள். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. சரக்கு புதுசுதான். அவள் மூக்குதான் பழசாகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், அவளுக்கு அது பிடிக்காது. 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள், பள்ளியில் கண்காட்சி. "காட்டுத்தீப் புகையும் ஏரியும்" என்று சார்ட் எழுதி வைத்திருந்தாள். கலிபோர்னியா, கனடா என்று படங்கள். 2023 ஜூனில் கனடாக் காடுகளின் புகை இறங்கி நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானதே, அந்தப் படமும் இருந்தது. ஏதோ சொல்லி வைக்க வேண்டுமே என்று, "ஏன் பாப்பா, இதெல்லாம் எங்கயோ இருக்கு. புகைதானே, காத்துல போயிடும்" என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எங்க மாமா போயிடும்?"

பதில் தெரியவில்லை. இரவு இரண்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் தண்ணீர் ஊற்றினாள். ஒன்று மொட்டை மாடியில், ஒன்று வீட்டுக்குள் பீரோ மேல். "மேல இருக்கறது குட்டி ஏரி. கீழ இருக்கறது ஒப்பிட்டுப் பார்க்க."

சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கம் அத்தோ சாப்பிடப் போயிருந்தோம், சொல்ல மறந்துவிட்டேன். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். தட்டு 70 ரூபாய், வாழைத்தண்டு சூப் இலவசம், கேட்டால் மறுபடி ஊற்றுகிறார்கள். நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கடைக்காரர், "சூப்புக்கு மட்டும் நாளைக்கு வாங்க" என்றார். கோபமா கிண்டலா என்று இப்போதும் புரியவில்லை.

பிப்ரவரி 22, சனி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆறு மணிக்கு மாடிக்குப் போனால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. பனி என்று நினைத்து ஆழமாக மூச்சிழுத்தேன், இருமல் நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பாப்பா காரணம் சொன்னாள். குளிர்ந்த இரவில் தரையோடு இருக்கும் காற்று மேலே ஏற முடியாமல் கிடக்கும். அதற்கு மேல் கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். வெயில் ஏறி அந்த மூடி உடைகிற வரைக்கும் புகை நம்மோடுதான். 2018 போகியன்று பனியும் புகையும் கலந்து சென்னை விமான நிலையத்தையே திண்டாட வைத்தது இப்படித்தான்.

மாடித் தட்டில் தண்ணீர் மேல் மெல்லிய ஆடை. பால் ஆடை மாதிரிதான், ஆனால் கருப்பு. நடுவே நொறுங்கிய கரித்துகள்கள் மிதந்தன. பீரோ மேல் இருந்த தட்டில் ஒரு கொசுவைத் தவிர ஒன்றும் இல்லை. மச்சானின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். வட்டமாகக் கறை நின்றது. விரலால் தேய்த்தேன். எண்ணெய்ப் பசை. சோப்பு போட்டும் ரேகையில் தங்கிவிட்டது.

"பாத்தியா, புகைதான்!" என்று நான்தான் துள்ளினேன். பாப்பா நோட்டில் எழுதியபடியே, "லாரித் தூசியும் இருக்கும் மாமா. டயர் பொடியும் இருக்கும். எல்லாமே புகைன்னு எழுத முடியாது" என்றாள். அக்கா பெற்ற பிள்ளை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பத்து மணிக்கு ரெட்டேரி கிளம்பினோம். ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20. பாப்பா கையில் அக்காவின் தூக்குச்சட்டி மூடி. அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, அரை அடிக்கு ஒரு முடிச்சு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கண்டுபிடித்த முறையாம். வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டே போக வேண்டும், கண்ணுக்கு மறைகிற ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1968லிருந்து இப்படி அளக்கிறார்கள். 2021இல் கால்டர் என்ற காட்டுத்தீ அந்த ஏரிப் பக்கமே வந்து சாம்பல் கொட்டியது. அந்த வருஷச் சராசரித் தெளிவு 61 அடி.

இரட்டை ஏரிதான் ரெட்டேரி ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் ஓயாத ஹாரன், மறுபக்கம் ஆகாயத்தாமரை நடுவே ஏதும் கேட்காததுபோல் நடக்கிற நாமக்கோழிகள். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். மூடியைப் பார்த்தவர், "இன்னாம்மா, ஏரிக்கே மூடி போடப் போறியா?" என்றார்.

மூன்றாவது முடிச்சில் மூடி மறைந்தது. ஒன்றரை அடி. டாஹோவின் 61ஐ நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, பாப்பாவுக்கு வரவில்லை. ரெட்டேரி கலங்கலுக்குச் சாக்கடையும் பாசியும் போதும், புகையைத் தனியாகப் பிரித்துச் சொல்ல இந்த மூடியால் முடியாது என்றாள். பிறகு ஏன் வந்தோம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முடிச்சு அவிழ்ந்து மூடி உள்ளே போய்விட்டது.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தூண்டிலை இழுத்து, முள்ளை மாற்றி, நாலைந்து முறை வீசித் துழாவி, சேறு அப்பிய மூடியைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார். 50 ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. "மீன் மாட்டியிருந்தா வித்திருப்பேன். மூடிக்கு இன்னா காசு" என்றார்.

கரையில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றபோது பாப்பா சொன்னதுதான் இந்தப் பயணத்திலேயே என்னை அதிகம் குழப்பியது. கலிபோர்னியாவின் வடக்கே மலை மேல் காசில் ஏரி என்று ஒன்று. 2018இல் சுற்றுவட்டாரக் காட்டுத்தீகளின் புகை அதன் மேல் தொடர்ந்து 55 நாள் கவிந்து நின்றது. ஏரிக்கு வந்து சேரும் புற ஊதா-பி கதிர் 31 சதவீதம் குறைந்தது. தண்ணீரும் கொஞ்சம் குளிர்ந்தது. வெயில் குறைந்தால் பாசி வாடும் என்றுதானே நினைப்போம்? நடு ஏரியில் மேல்நீர்ப் பாசியின் உற்பத்தி இரு மடங்குக்கும் மேலே போய்விட்டது. உச்சி வெயிலில் புற ஊதாக் கதிர் பட்டுச் சுருண்டு கிடந்த நுண்பாசிகளுக்குப் புகை குடை பிடித்திருக்கிறது. சாம்பலில் இருக்கும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். ஆனால் எல்லா ஏரியிலும் இப்படியே நடக்காது, சில இடத்தில் வாடவும் செய்யும். 2019 முதல் 2021 வரை பார்த்ததில், வட அமெரிக்க ஏரிகளில் கிட்டத்தட்ட 99 சதவீதத்தின் மேல் வருஷத்துக்குப் பத்து நாளாவது புகை நின்றிருக்கிறதாம். தீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"கொடுங்கையூர் இங்கிருந்து எந்தத் திசை?" என்று கேட்டாள். கிழக்கு. மத்தியானம் காற்று எங்கிருந்து வரும்? கடலிலிருந்து, அதுவும் கிழக்கு. அப்போது பன்னிரண்டரை இருக்கும். அவள் சடை ரிப்பன் மேற்கே ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மூடிக்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். பதினெட்டு வருஷத்துத் தூக்குச்சட்டியாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ஐந்துக்கே மச்சான் காசிமேடு கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கூடையைத் தலையில் வைத்து ஓடி வருகிறவர்கள் "வழி வழி" என்று ஒரு முறைதான் சொல்வார்கள், இரண்டாம் முறை இடிதான். ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் புகுந்து விரல் மரத்துப்போனது. வஞ்சிரம் கிலோ 950, சங்கரா 400, நெத்திலி 200. நான் விலை கேட்ட விதத்திலேயே வெளியூர் என்று தெரிந்துவிட்டது போல, அந்த அம்மா மச்சானைப் பார்த்து, "உனக்கு 350, உன் மச்சினனுக்கு 400" என்றார். சங்கராதான் வாங்கினோம். அக்கா குழம்புக்கு முன்னால் எங்கள் மலைநாட்டுக் கருவாட்டுக் குழம்பெல்லாம் நிற்காது.

மத்தியானம் புழல். மூலக்கடையிலிருந்து பஸ். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் வரிசையாக, அவித்த நெல் மணம் மூக்கில் ஏறியதும் ஊர் ஞாபகம் வந்தது. மூன்று நாளில் முதல் முறையாக என் மூக்கு சந்தோஷப்பட்டது.

புழல் 1876இல் நீர்த்தேக்கமாகக் கட்டியது. முழு உயரம் 21.2 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கிற தண்ணீர். கரையேறி நின்றபோது கடல் மாதிரி அலையடித்தது. பாப்பா பையிலிருந்து மூடியை எடுத்ததுதான் தாமதம், காவலர் விசிலடித்துக்கொண்டே வந்தார். குடிநீர் ஏரியில் எதையும் இறக்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்டார். முழுசாகக் கேட்டார். நம் ஊரில் சின்னப் பெண் சொல்வதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்ட பெரிய மனிதர்களை விரல் விட்டு எண்ணலாம். கடைசியில், "மழை பெய்யாம இருந்து மொதல் மழை பெஞ்சா தண்ணி மேல ஒரு அழுக்கு வரும் பாரு, அதைப் பாத்திருக்கேன். எங்கருந்து வருதுன்னு யோசிச்சதில்ல" என்றார்.

பாப்பா பரபரவென்று எழுதினாள். புகைத்துகள் இரண்டு விதமாக இறங்குமாம்: தானாகப் படிவது ஒன்று, மழையும் பனியும் கழுவி இறக்குவது ஒன்று. பி.எம். 2.5 என்கிற துகள் தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சின்னது. அதனால்தான் அவ்வளவு தூரம் மிதந்து போகிறது. நம் நாட்டு வரம்பு ஒரு நாளைக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 15. "நம்ம நுரையீரல் நாலு மடங்கு கெட்டியா மாமா?" என்றாள்.

திரும்பும்போது மூலக்கடை தாண்டி, ஒரு காலி மனையில் கரும்புகை. ஒரு அம்மா ஒயர் சுருள்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். நான் வேகமாக நடந்தேன், பாப்பா நின்றுவிட்டாள். திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள், "ஏன்க்கா எரிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாவும் கோபப்படவில்லை. "செம்பு எடுக்கத்தான் கண்ணு. தோலோட போட்டா கடையில பாதி காசுகூடத் தர மாட்டான். செம்பா போட்டா கிலோ 600க்கு மேல. கத்தியால உரிச்சா ஒரு கிலோவுக்கு ஒரு நாள் ஆவும்." சேலை முந்தானையால் வாயை மூடியபடி, எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். "காத்து உங்க பக்கம் திரும்புது பாரு, அந்தாண்ட போங்க."

ஒயரின் தோல் பி.வி.சி. அதில் குளோரின் உண்டு, அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்கிற நஞ்சு வரும். தண்ணீரில் கரையாது. ஏரியில் விழுந்தால் அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து புழுவுக்கு, மீனுக்கு, மீனின் கொழுப்பிலிருந்து நமக்கு. பாப்பா இதைச் சொன்ன நேரம் வீட்டில் சங்கராக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அது கடல் மீன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

இரவெல்லாம் இருமல். மருந்துக் கடையில் என்-95 முகக்கவசம் 40 ரூபாய். துணி மாஸ்க் இதற்கு உதவாது என்று கடைக்காரத் தம்பியே சொன்னார். என்னிடம் மாத்திரை விற்பதில் அவருக்கு அவசரமில்லை. "ஊருக்குப் போனா சரியாயிடும் சார்" என்றார். இங்கேயே இருக்கிறவர்களுக்கு என்ன சொல்வார் என்று கேட்டிருக்கலாம்.

பகலில் மச்சான் பெருங்குப்பை மேட்டைச் சுற்றுச் சாலையிலிருந்து காட்டினார். எண்பதுகளிலிருந்து ஊர்க் குப்பை வந்து சேர்ந்த இடம். இப்போது தோண்டிப் பிரிக்கிற வேலை நடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் தீயில்லாமல் நூல் மாதிரி புகை. உள்ளே மக்கும்போது மீத்தேன் வரும், அது பற்றிக்கொண்டால் மேலே தெரியாமல் அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்றார் மச்சான். எங்கள் மலையிலும் மக்கிய சருகுக்கு அடியில் வேர் இப்படித்தான் கனலும். அணைத்துவிட்டோம் என்று இறங்கி வந்தால் மறுநாள் பத்தடி தள்ளி எழும். மேட்டின் ஓரத்தில் நாலு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டாவது டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் சார்ட்டைத் திருத்தினாள். நியூயார்க் படத்தைக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில் வேட்டித் துணிக் கறையை ஒட்டினாள். கிளம்பும்போது என் பையில் பழைய தினத்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை வைத்தாள். பீங்கான் தட்டு.

"மாசி, பங்குனியில உங்க ஊர்ல மலை எரியும்ல? மொட்டை மாடியில வைங்க."

இந்த முறை ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்கவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு, போடி

முதல் நாள் வைத்த தட்டைக் காக்கா கவிழ்த்துவிட்டது. நேற்று இரவு மலையில் சின்னக் கோடு ஒன்று தெரிந்தது, கடலை மிட்டாய் நீளம்தான். மறுபடி வைத்தேன்.

இன்று காலை தண்ணீர் மேல் கருப்புச் சுருள்கள் மிதந்தன. கரிந்த புல். வளைவு கலையாமல், நரம்புகூடத் தெரிந்தது. போன் போட்டேன்.

"தொட்டீங்களா மாமா?"

தொட்டேன். விரல் பட்டதும் பொடியாகிவிட்டது. கையைத் தண்ணீரில் காட்டினேன், போய்விட்டது.

"இங்க ஒட்டுச்சு" என்றாள். நோட்டுப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இருங்க, எழுதிக்கறேன். எத்தன மணிக்கு எடுத்தீங்க?"